ஐயாயிரம் மீட்டரில் ஒரு மலை

கருங்காட்டூர் விமான நிலையத்துக்குக் கிழக்கே இருந்த ஓணான்மலை நடக்கத் தொடங்கியது ஒரு மார்கழி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணிக்கு. அன்றைக்கு அதை முதலில் பார்த்தவள் வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதும் சந்தனமாரி. ஆனால் அவள் பார்த்தது மலை நடந்ததை அல்ல, மலையை மட்டும்தான், ஏனென்றால் மலை தெரிகிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை, அது நிற்கிறதா நடக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கருங்காட்டூருக்குச் சென்னையிலிருந்து ஒரே ஒரு விமானம், எழுபது பேர் உட்காரக்கூடியது, காலை எட்டு பத்துக்கு வந்து எட்டே முக்காலுக்குத் திரும்பிப் போகும். அந்த ஒன்றுக்காக விடிகாலை முதல் பொழுது சாயும் வரை அரை மணிக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் ஜன்னல் வழியே பார்த்து, காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு, மேகம் எத்தனை அடியில், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். அதையும் வைத்துக்கொண்டு அடுத்த ஒன்பது மணி நேரத்துக்கு வானம் எப்படி இருக்கும் என்று சந்தனமாரி முன்னறிவிப்பு எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் சென்னையில் விமானி எரிபொருள் எவ்வளவு நிரப்புவது, இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்று முடிவு செய்வார். பார்வைத் தூரத்தை அளக்கப் பெரிய நிலையங்களில் கருவி உண்டு. கருங்காட்டூரில் சுவரில் ஒட்டிய பட்டியல் உண்டு: காற்றுத் திசை காட்டும் காற்றுப்பைக் கம்பம் நானூறு மீட்டர், குடிநீர்த் தொட்டி ஆயிரத்து இருநூறு, பஞ்சாலைப் புகைபோக்கி இரண்டாயிரத்து எண்ணூறு, ஓணான்மலை ஐயாயிரம். இருப்பதிலேயே தூரமாக எது கண்ணில் படுகிறதோ அதுதான் அந்த அரை மணியின் பார்வைத் தூரம்.

சந்தனமாரி அந்த ஜன்னலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயதில் வந்தாள், கல்யாணம் அமையவில்லை, அமையவில்லை என்பதைப் பற்றி வீட்டார் கவலைப்பட்டு முடித்து அவர்களும் ஓய்ந்துவிட்டார்கள், நிலையத்துக் குடியிருப்பில் ஒரு படுக்கையறை வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு நாளைக்கு இருபத்தெட்டு தடவை பட்டியல் வழியாகக் கம்பம், தொட்டி, புகைபோக்கி என்று கண்ணை ஓட்டிக் கடைசியில் மலையில் கொண்டுபோய் நிறுத்துவாள், நிறுத்தியதும் மனசுக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும், இருக்கிறது, எல்லாம் அங்கங்கே இருக்கிறது என்று. தலையைத் தூக்கிக்கொண்டு வெயில் காயும் அந்த முந்நூறு அடிக் குன்றை அவளுக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மார்கழி ஒன்பதாம் தேதி பனிமூட்டம். தொட்டி தெரியவில்லை, புகைபோக்கி தெரியவில்லை, மலை தெரிந்தது. அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதும் நோக்கர் தவசிமுத்து, ஓணான்மலை அடிவாரத்திலேயே வீடு உள்ளவர், அந்த மலையில் ஆடு மேய்த்துப் படித்து அரசாங்க வேலைக்கு வந்தவர், பட்டியலை ஒரு தடவை பார்த்தார், ஜன்னலை ஒரு தடவை பார்த்தார், பார்வைத் தூரம் ஐயாயிரம் மீட்டர் என்று எழுதினார்.

"தொட்டி தெரியலையே அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி.

"தெரியுததுல எது தூரமோ அதைத்தான மேடம் எழுதச் சொல்லியிருக்கு. தெரியாததை எழுதச் சொல்லலையே."

விதி அப்படித்தான் இருந்தது. அவளும் முன்னறிவிப்பில் ஐயாயிரம் என்றே எழுதினாள். பத்து மணிக்கு வெயில் ஏறிப் பனி விலகியபோது மலை தன் இடத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் அறியாததுபோல் நின்றது.

பனி இறங்கிய நாளெல்லாம் மலை வந்தது. லேசான பனி என்றால் பஞ்சாலை வரைக்கும், கெட்டிப் பனி என்றால் தொட்டிக்கு இந்தப் பக்கம், எவ்வளவு நெருங்கினால் அந்த ஜன்னலிலிருந்து தெரியுமோ அவ்வளவு நெருங்கி வந்து நிற்கும். வரும்போது ஓணான்மலைப்பட்டியின் நூற்றுப் பதினேழு வீடுகளையும், ஊர்க்கிணற்றையும், அய்யனாரையும், அவர் முன்னால் நின்ற மண் குதிரைகள் எட்டையும், ஆடுகளையும், வேலிக்கருவையையும் தூக்கிக்கொண்டு வரும், அடுப்பில் கொதிக்கிற உலை தளும்பாமல் வரும். ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பஸ் விடச் சொல்லிப் பதினைந்து வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள், ஏதோ ஒன்று நடந்ததே என்று எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பனி நாளில் முதல் மணிக்கே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், வெயில் நாளில் தாமதமாக வந்தார்கள், தலைமை ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அதற்கென்று ஒரு குறி போட்டுக்கொண்டார். பெண்கள் மலை நெருங்கி நிற்கும்போதே ரேஷன் கடைக்கு ஓடிப்போய்விட்டு ஒன்பதே முக்காலுக்குள் ஏறிக்கொண்டார்கள். ஏறத் தவறியவர்கள் வெயிலில் நடந்து போனார்கள். அய்யனார் கோயில் பூசாரி, சாமி நகர்வலம் போகிறது, இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்றார். கிராம நிர்வாக அலுவலர் மட்டும் இரண்டு நாள் தூங்கவில்லை, மலை வந்து நிற்கிற புஞ்சை இன்னொரு கிராமத்துக் கணக்கில் இருந்தது. பிறகு, மத்தியானம் போய்ப் பார்த்தால் எல்லாம் அதனதன் சர்வே எண்ணில்தான் இருக்கிறது, நான் பார்க்கிற நேரத்தில் இருப்பதற்குத்தான் நான் பொறுப்பு என்று தேறிக்கொண்டார்.

தவசிமுத்து சைக்கிளில் வருவதை விட்டுவிட்டார். பனி நாளில் மலையிலிருந்து இறங்கினால் அலுவலகத்து வாசல். இறங்கி, செருப்பில் ஒட்டிய மலை மண்ணைக் கால்மிதியில் துடைத்து, உள்ளே வந்து, கையெழுத்துப் போட்டு, ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்து, ஐயாயிரம் என்று எழுதுவார். அவர் பொய்யர் இல்லை, ஒரு பைசா லஞ்சம் வாங்காத மனுஷர். அலுவலகத்துக்கு வெளியே மலை எங்கே நின்றாலும் அலுவலகத்துக்குள் அது ஐயாயிரம் மீட்டரில்தான் நின்றது. சந்தனமாரியும் அதையேதான் செய்தாள். கண் எதிரே ஒன்றைக் கண்டு பழகிவிட்டால் அதற்கு மேல் மூளை வேலை செய்வதில்லை.

அதுவரை எப்படியோ ஓடுபாதை மட்டும் தெரிந்து விமானம் இறங்கிவிட்டது, மார்கழி இருபத்தாறாம் தேதிதான் வினை வந்தது. பார்வைத் தூரம் ஐயாயிரம், பகல் முழுக்க ஐயாயிரம் என்று எழுதப்பட்டிருந்ததால் விமானி கூடுதல் எரிபொருள் போடாமல் கிளம்பி வந்தாள், ஓடுபாதையை நோக்கி இறங்கினாள், இறங்க இறங்க வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை, விளக்கும் இல்லை தரையும் இல்லை, கடைசி நொடியில் மேலே தூக்கிவிட்டாள். நாற்பது நிமிடம் ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது விமானம். அந்த நாற்பது நிமிடமும் சந்தனமாரிக்கு அதன் சத்தம் கேட்டது, ஒரு தடவை மேற்கே போய்த் தேய்ந்து மறுபடி கிழக்கே வந்து பெருகியது, அந்தச் சத்தத்தில் அறுபத்தெட்டு பேர் இருந்தார்கள். பனி கொஞ்சம் கிழிந்த நேரம் பார்த்து விமானி இறக்கிவிட்டாள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பியூலா இறங்கி வந்தாள். விமானங்களோடு பேசும் வேலை அவளுக்கு. சந்தனமாரியைவிடப் பத்து வயது இளையவள், அக்கா என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு உட்காராமல் நின்றாள்.

"அந்தக் கேப்டன் பொண்ணு கேக்கா அக்கா, ஐயாயிரம்னு எழுதினது யாரு, அவங்க கண்ணை நான் ஒரு தடவை பாக்கணும்னு. இறங்கும்போது விமானத்து டேங்க்ல எத்தனை நிமிசத்துக்கு எண்ணெய் இருந்துச்சு தெரியுமா? பதினொண்ணு."

சந்தனமாரி எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். மலை வேலியை ஒட்டி நின்றது; ஒரு ஆடு கழுத்து மணி கேட்கும் தூரத்தில் கருவேலங்காய் தின்றுகொண்டிருந்தது. அந்த மலையை இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்குப் போட்டாள், இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கப்பட்டுப் பழகிய ஒன்று, பனிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்றைக்கு என்னைப் பார்க்கவில்லையே என்று பொறுக்க முடியாமல், அவள் கண்ணில் படும் வரை எழுந்து நடந்து வந்திருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதற்கு அடுத்ததாகத்தான் பயம் வந்தது, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை அவள் தொடவில்லை.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையால்லா இருக்கு," என்றாள் பியூலா, சந்தனமாரி சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து. "பட்டியல்ல இருந்து அதைத் தூக்குங்க அக்கா. முதல்ல அதைச் செய்யுங்க."

சந்தனமாரி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள். பட்டியலிலிருந்து ஒரு பொருளை நீக்க வேண்டுமானால் அதன் தூரம் தவறு என்று அளந்து காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அளக்க ஆள் வந்தார், வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு வந்தார், அளந்தார், நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மீட்டர் என்று எழுதி, மிகத் திருத்தமான பட்டியல் என்று பாராட்டிவிட்டுப் போனார். ஆகவே மலை பட்டியலில் இருந்தது. பனி நாளில் மட்டும் சந்தனமாரி தானே கம்பத்தையும் தொட்டியையும் பார்த்துத் தூரத்தை எழுதினாள், மலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு தடவை விமானம் மதுரைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது.

தை பிறந்தது. தவசிமுத்துவின் மகள் பேச்சிக்கனிக்குத் தை பதினோராம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை இசக்கிராஜ் கப்பலில் எஞ்சினியர், முதல் நாள்தான் கரை இறங்குகிறான், மறுநாள் காலை விமானத்தில் வந்து மூன்றாம் நாள் திரும்பக் கப்பல் ஏற வேண்டும். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். அதை விட்டால் பெண் ஜாதகத்துக்கு ஒன்றரை வருடம் நாள் இல்லை என்று ஜோசியர் சொல்லியிருந்தார், ஏற்கெனவே இரண்டு இடம் பேசி முறிந்த பெண். தவசிமுத்து பத்திரிகை வைக்க வந்தபோது சந்தனமாரி தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துக்கொண்டு, பனி இல்லாமல் இருக்கணும் என்று மட்டும் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அடுத்த இரண்டு நாளும் வரைபடங்களைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காற்று இல்லை, மேகம் இல்லை, மண்ணில் ஈரம் இருந்தது. தெரிந்ததை எழுதினாள்: அடர் பனி, இருநூறு மீட்டர், பத்து மணி வரை விலகாது.

அன்றைக்கு இறங்கிய பனியை அந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. ஏழு மணிக்கு மலை ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் நின்றது, கையை நீட்டினால் பாறையைத் தொடலாம். மேலே பந்தலில் நாதஸ்வரம் வாசித்தார்கள், சாம்பார் கொதிக்கிற வாசம் அலுவலகத்துக்குள் வந்தது, வாழை மரம் கட்டிய வாசலில் நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தவசிமுத்து விடுப்பில் இருந்தார். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மலையிலிருந்து இறங்கி, வாசலுக்கு வராமல், வெளி ஆளாக ஜன்னலுக்கு வந்தார்.

"மேடம், என்ன எழுதியிருக்கீங்க?"

"இருநூறு."

"மலை தெரியுதுல்லா?"

"தெரியுது அண்ணாச்சி."

"அப்போ விதிப்படி ஐயாயிரம். நான் அதைக்கூடக் கேக்கல. எண்ணூறுன்னு போடுங்க. எண்ணூறு போட்டா இறங்கிப் பாப்பாங்க."

"இறங்கிப் பாப்பாங்க. அதான் எனக்குப் பயம்."

"பிள்ளை மணையில உக்காரப் போகுது மேடம்." தவசிமுத்துவின் குரல் உடைந்தது. "உங்ககிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணு கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர். சந்தனமாரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த விமானத்துலதான் மாப்பிள்ளையும் வாராரு அண்ணாச்சி," என்றாள். தவசிமுத்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். எட்டே கால் வரை தலைக்கு மேலே சத்தம் கேட்டது, பிறகு வடக்கே போனது. பந்தலில் நாதஸ்வரம் நின்றது. மலை மேலிருந்து யாரோ ஒரு பெண் சந்தனமாரியின் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றினாள், அது அவள் காதில் விழுந்தது.

எட்டு ஐம்பதுக்கு மாப்பிள்ளை மதுரையில் டாக்ஸி ஏறிவிட்டதாகப் பேசினான். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரப் பாதை, நான்குவழிச் சாலை. அன்றைக்குப் பனியில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மதியம் பன்னிரண்டு ஆகும் என்றார் டிரைவர். தவசிமுத்து போனை ஜன்னல் கம்பியில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சந்தனமாரி அந்தப் போனையே எடுத்தாள். எடுக்கும்போதே அவளுக்குத் தெரியும், இதைச் செய்தால் என்ன போகும் என்று.

"மாப்பிள்ளை, நான் ஆபீஸ்ல இருந்து மாரி பேசுதேன். உங்க இடது பக்கக் கண்ணாடியை இறக்கிக்கோங்க. ஓணான்மலை தெரியுதான்னு பாருங்க."

"அக்கா, கைப்பிடிச் சுவரே தெரியல. அதோட நான் எம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கேன்."

"தெரியாது. தெரியாட்டியும் பாருங்க. பொண்ணு மலை, நீங்க தாலி கட்டப் போற மலை, அதைத் தேடிப் பாக்குத மாதிரி பாருங்க. கண்ணை எடுக்காதீங்க. பக்கத்து சீட்ல யாரு இருந்தாலும் அவங்களையும் பாக்கச் சொல்லுங்க."

பிறகு அவள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மலைக்கு முதுகு காட்டி, ஓடுபாதைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் மலை நின்றுகொண்டிருந்தது, ரொம்ப நேரம் நின்றது, பத்தடியில் அதன் ஈர மண் வாசம் அவளுக்கு வந்தது, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று கழுத்து நரம்பு இழுத்தது, அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காற்றுப்பைக் கம்பம் இருக்கிற பக்கத்தையே பார்த்தாள், தவசிமுத்து அண்ணாச்சி ஏறிக்கோங்க, ஏறிக்கோங்க என்று மட்டும் சொன்னாள், அவர் எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது, ஆட்டு மணிகள் கேட்டன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் தேய்ந்து, சாம்பார் வாசம் மட்டும் மிச்சம் இருந்தது, பிறகு அதுவும் போனது.

ஓணான்மலை அன்றைக்கு நடந்த நடையை வழியோரத்து ஊர்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். டோல்கேட்டில் நின்றவர்கள் கல்யாண வீடு போகிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள், மலைக்குக் கட்டணப் பட்டியலில் பெயர் இல்லாததால் தடுக்கவில்லை. நாகலாக்குறிச்சி விலக்குக்குப் பக்கத்தில் பத்து மணிக்கு இசக்கிராஜ் இடது பக்கம் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு எழுந்து வருவதைப் பார்த்தான், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாறையில் ஏறினான். பத்து பத்தொன்பதுக்குத் தாலி கட்டினான். டிரைவரும் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

மலை திரும்பி வரவில்லை. பனி விலகியபோது அது நான்குவழிச் சாலையை ஒட்டி நின்றது, சாலையில் நிமிடத்துக்கு நாற்பது வண்டி போனது, ஒவ்வொரு வண்டியிலும் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்கள். ஒருத்தி அரை மணிக்கு ஒரு தடவை பார்த்ததற்கே அவ்வளவு நடந்த மலை அது. ஓணான்மலைப்பட்டிக்காரர்களுக்கு வீட்டு வாசலில் எல்லா ஊர் பஸ்ஸும் கிடைத்தது, மறு வாரமே மூன்று டீக்கடை வந்தது, தேர்தல் அட்டையில் முகவரியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். தவசிமுத்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்தார், நேரமாகிவிடுகிறது என்று சலித்துக்கொண்டாரே தவிர யாரையும் குறை சொல்லவில்லை. மண்ணை வாரித் தூற்றிய பெண் அவர் கையில் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொடுத்துவிட்டாள். மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில், இல்லாத பொருளை அளக்கத் தேவையில்லை என்று எழுதி, பட்டியலின் கடைசி வரியை அடித்துவிட அனுமதித்திருந்தார்கள்.

மாசி நாலாம் தேதி மறுபடி பனி இறங்கியது. ஆறரை மணிக்குச் சந்தனமாரி கிழக்கு ஜன்னலுக்குப் போனாள். அங்கே பார்க்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை, வந்தால் ஆபத்து என்பதும் அவளுக்குத் தெரியும், ஆனாலும் போனாள், வெள்ளைக்குள் கண்ணை ஊன்றித் தேடிப் பார்த்தாள், ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று வாய்விட்டே சொன்னாள். தவசிமுத்து பஸ்ஸில் இருந்தார், கேட்க ஆள் இல்லை. எதுவும் வரவில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதியது, நேரமாகிவிட்டது, சென்னையில் விமானி எண்ணுக்காகக் காத்திருந்தாள். சந்தனமாரி அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஈரக் கண்ணோடு பார்த்தால் தூரம் தப்பாகிவிடும் என்பதால் இன்னொரு தடவையும் துடைத்துக்கொண்டு, ஓடுபாதைப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்தாள். கம்பம் பாதி தெரிந்தது, நானூறு என்று எழுதினாள்.